மகன் வானத்தில் பாராசூட்டைக் கழற்றிவிட்ட வீடியோ: என்ன நடந்தது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை டீச்சர்:

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகனுக்குக் கலிஃபோர்னியாவில் வேலை. அங்கே ஸ்கைடைவிங் பழகி முதல் படியான ஏ லைசென்ஸ் வரைக்கும் வந்துவிட்டான். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வாரம் அவன் தங்கைக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். எனக்கு அனுப்பவில்லை. அவள் போனில்தான் பார்த்தேன், ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவில் எடுத்தது. தலைக்கு மேலே நீலத் துணி விரிகிறது. கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் கயிறுகள் எல்லாம் கழுத்துக்கு மேலே ஒரே புரியாக முறுக்கிக்கொண்டிருக்கின்றன. பட்டை பின்னந்தலையை அழுத்துவதால் அவனால் சரியாக நிமிரக்கூட முடியவில்லை. காலை உதைத்து உதைத்துப் பார்க்கிறான். திடீரென்று எல்லாம் சுழல ஆரம்பிக்கிறது, கீழே தரை கிறுகிறுவென்று ஓடுகிறது. மணிக்கட்டு மீட்டரில் முள் 3-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. வலது மார்புப் பக்கம் இருக்கும் சிவப்புத் துணிப்பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுக்கிறான். அவ்வளவுதான், நீலப் பாராசூட் மொத்தமாகக் கழன்று போய்விட்டது. இடது பக்கம் உள்ள வெள்ளிப் பிடிக்குக் கை போகிறது, ஆனால் அதை இழுக்கும் முன்பே வெள்ளைத் துணி வெளியே வந்துவிட்டதுபோல் தெரிகிறது.

அவனைக் கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா, சின்ன விஷயம்" என்கிறான். கிழியாத பாராசூட்டை எதற்கு எறிய வேண்டும்? ஒரு பிடியை இழுத்தால் கழன்றுவிடும் என்றால், அது தானாகக் கழன்றால் என்ன கதி? "மயக்கமே வந்தாலும் மிஷின் தானாகத் திறந்துவிடும்" என்று முன்பு எனக்குத் தைரியம் சொன்னானே, அந்த மிஷின் எங்கே போயிற்று? பயமுறுத்தாமல், மழுப்பாமல் சொல்லுங்கள். துணி, நூல், தையல் பற்றி எனக்குப் புரியும்.

செம்மண்டலம் செல்வா:

டீச்சரம்மா, கடலூர் – பாண்டி ரோட்டுல தனியார் பஸ் முன்சீட்டுல ஒரு தடவை உட்கார்ந்து வந்தீங்கன்னா உங்க பையன் பண்றது பெரிசாவே தெரியாது 😀 சும்மா சொன்னேன், கோச்சுக்காதீங்க. எங்க தேவனாம்பட்டினத்து ஆளு ஒருத்தர் இந்தத் தொழில்லயே இருக்காரு. அவரை இழுத்து விடுறேன்.

தேவனாம்பட்டினம் பேக்கர்:

வணக்கம் டீச்சர். துபாய்ல ஒரு டிராப்சோன்ல, அதாவது ஸ்கைடைவிங் நடக்கிற இடத்துல, பாராசூட் மடிக்கிறது என் வேலை. மெயின், அதாவது முதல்ல விரிக்கிற பாராசூட்டை மடிக்கிற பேக்கரா சேர்ந்தேன், அப்புறம் ரிசர்வ், அதாவது அவசரத்துக்கு இருக்கிற ரெண்டாவதை மடிக்கிற ரிக்கர் சான்றும் வாங்கினேன். மாசி மகத்துக்கு ஊருக்கு வந்திருக்கேன், அதனால நிதானமா எழுத நேரம் இருக்கு.

உங்க பையன் செஞ்சது சரி. இதைப் படிச்சிட்டு மீதியைப் படிங்க.

துணி கிழியலன்னாலும் அது கெட்டுப்போன பாராசூட்தான். விரிஞ்சதும் ஜம்பர் பாக்க வேண்டியது மூணு: தலைக்கு மேல இருக்கா, சதுரமா இருக்கா, சொன்ன பேச்சு கேக்குதா. உங்க பையனுக்கு முதல் ரெண்டும் சரி, மூணாவது இல்ல. இப்ப வர்ற பாராசூட் பழைய குடை மாதிரி வட்டத் துணி இல்ல, இறக்கை. மேல ஒரு துணி, கீழ ஒரு துணி, நடுவுல அறை அறையா தடுப்பு, முன்பக்கம் வாய் திறந்திருக்கும். காத்து அதுல புகுந்து உப்பி இறக்கை வடிவத்துக்கு வரும். அமெரிக்காவுல டோமினா ஜால்பர்ட்ங்கிறவர் 1964-ல காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்ச அமைப்பு அது. இறக்கைங்கிறதால முன்னால பறக்கும், திரும்பும், பிரேக் பிடிச்சா மெத்துன்னு இறங்கும். பிரேக் கயிறை இழுக்கிற கைப்பிடிக்கு டாகிள்னு பேரு. ஆனா அதே காரணத்தால ரெண்டு பக்கமும் சமமா இல்லன்னா ஒரு பக்கமா சாய்ஞ்சு சுத்திக்கிட்டே கீழ பாயும். வட்டத்துணி முறுக்கினா அது பாட்டுக்கு இறங்கும். இறக்கை முறுக்கினா சும்மா இருக்காது.

அந்த முறுக்குக்கு லைன் ட்விஸ்ட்னு பேரு. ஊஞ்சல் பலகையில உக்காந்து சுத்திவிட்டா சங்கிலி புரி ஏறுதில்ல, அதேதான். விரியிற நேரத்துல உடம்பு ஒரு தோளா சாய்ஞ்சிருந்தாலும் வரும், பைக்குள்ள லைனை, அதாவது கயிறுகளை, ரப்பர் பேண்டுல ஏத்தும்போது ஒரு பக்கம் இறுக்கமா ஒரு பக்கம் தளர்வா போட்டாலும் வரும். நேரா பறந்துக்கிட்டிருந்தா பயமே இல்ல. பின்னால இருக்கிற பட்டைகளை, அதாவது ரைசர்களை, விலக்கிப் பிடிச்சு காலை உதைச்சா தானா அவிழும். அவன் உதைச்சது அதுக்குத்தான். சுத்த ஆரம்பிச்ச பிறகு உதைச்சு பிரயோஜனம் இல்ல. உயரம் மளமளன்னு போவும், சுத்தற விசையில கை பாரமாயிடும், பிடியை எட்டுறதே பாடாயிடும்.

அமெரிக்க பாராசூட் சங்கம் இதுக்கு ஒரு கோடு கிழிச்சிருக்கு. மாணவர்களும் ஏ லைசென்ஸ்காரங்களும் 2,500 அடிக்கு இறங்கறதுக்குள்ள முடிவெடுத்தாகணும். வெச்சிக்கிறதா, விடறதா, ஏதாவது ஒண்ணு. அதுக்குக் கீழ வந்து யோசிக்கக் கூடாது. அனுபவசாலிக்கு 1,800 அடி. முள் 3-க்கு மேல நின்னுச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப 3,000 அடிக்கு மேலயே விட்டுட்டான். நான் பாத்தவரைக்கும் ஆளுங்க கோட்டை விடுறது இங்கதான். "இன்னும் ஒரு உதை, சரியாயிடும்"னு ஆசை. கையில காசு போட்டு வாங்கின மெயினை விட மனசு வராது. உங்க பையனுக்கு மனசு வந்துது, பாராட்டுங்க.

மிஷின் கதைக்கு வர்றேன். அதை ஏஏடின்னு சொல்லுவோம். சைப்ரஸ்னு ஒரு ஜெர்மன் கருவி 1991-ல வந்துச்சு, ஹெல்முட் குளோத் உருவாக்கினது. உள்ள காத்தழுத்தத்தை வெச்சு உயரத்தையும் இறங்குற வேகத்தையும் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். சாதாரண ஜம்பர் மாடல் சுமார் 225 மீட்டர் உயரத்துல, நொடிக்கு 35 மீட்டருக்கு மேல வேகம் இருந்தாதான் வேலை செய்யும். அது பாராசூட்டை இழுக்கறதில்ல. ரிசர்வ் பையை மூடி வெச்சிருக்கிற லூப்பை ஒரு சின்ன கத்தியால நறுக்கும், அவ்வளவுதான். பாராசூட் இல்லாம குப்புற விழுற ஆளு நொடிக்கு 53 மீட்டர் மாதிரி போவாரு, மயங்கியிருந்தாலும் மிஷின் பிடிச்சிடும். ஆனா தலைக்கு மேல கேனபி, அதாவது பாராசூட் துணி, விரிஞ்சு சுத்திக்கிட்டிருந்தா, வேகம் அந்த 35-ஐத் தொடாமலேயே தரைக்கு வந்துடலாம். மிஷினைப் பொறுத்தவரைக்கும் "பாராசூட் திறந்தாச்சு". ஆள் சாகுற அளவு வேகம் இருக்கும், அது எழுந்துக்க வேண்டிய வேகம் இருக்காது. அதனால அது தூங்கிடுச்சுன்னு நினைக்காதீங்க. அது காவல் காக்கிற இடம் வேற, உங்க பையன் மாட்டின இடம் வேற.

வெள்ளைத் துணி, அதாவது ரிசர்வ், பிடியை இழுக்கிறதுக்கு முன்னாடியே வந்த மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. ரைசர்ல இருந்து, ரிசர்வ் பையைப் பூட்டியிருக்கிற ஊசிக்கு (பின்) ஒரு வார் ஓடும், பேரு ஆர்எஸ்எல். கழண்டு போற மெயினே அந்த வாரை இழுத்து ரிசர்வைத் திறந்துவிட்டுப் போகும். அப்படியிருந்தும் அவன் கை வெள்ளிப் பிடிக்குப் போச்சு பாருங்க, அதான் பயிற்சி. வார் இருக்குன்னு நம்பி கையைக் கட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

எனக்கு மூணு விவரம் வேணும் டீச்சர். வீடியோவுல சுத்தறதுக்குச் சற்று முன்னாடி நிறுத்தி, நீலத் துணியோட பின் ஓரத்தைப் பாருங்க. ரெண்டு மூலையும் ஒரே மாதிரி கீழ வளைஞ்சிருக்கா, ஒண்ணு மட்டும் இறங்கியிருக்கா? அவன் எடையும் கேனபி சைஸும் என்ன? மடிச்சது யாரு?

லாஸ்பேட்டை மெக்:

அண்ணே, இங்க மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். டீச்சர் கேட்ட "தானா கழண்டா?"ங்கிற கேள்வியை விட்டுட்டீங்க. ஓபனிங் ஷாக்கும் (விரியிற அதிர்ச்சி) சேர்ந்தா ஆள் எடை மாதிரி பல மடங்கு லோடு வருமே, அதை ஒரு பிளாஸ்டிக் கேபிள் பிடிச்சிருக்குன்னு ஒரு படத்துல பாத்தேன், நம்ப முடியல. இன்னொண்ணு, நம்ம பீச்ல இதைப் பண்ணலாமா?

தேவனாம்பட்டினம் பேக்கர்:

தம்பி, கேபிள் எதையும் பிடிக்கறதில்ல. அதுதான் இதுல அழகு.

ஒவ்வொரு தோள்லயும் மூணு இரும்பு வளையம். பெரிசு ஹார்னஸ்ல, அதாவது உடம்புல மாட்டுற பட்டையில, தைச்சிருக்கும், நடுவும் சிறிசும் ரைசர்ல. நடு வளையம் பெரிய வளையத்துக்குள்ள நுழைஞ்சு மேல மடங்கும், சின்ன வளையம் நடு வளையத்துக்குள்ள நுழைஞ்சு மடங்கும், சின்னதுக்கு மேல ஒரு துணி லூப் வரும். அந்த லூப் ரைசர்ல இருக்கிற கண் வழியா பின்பக்கம் போனதும், அதுக்குள்ள சிவப்புப் பிடியில இருந்து வர்ற மஞ்சள் கேபிளைச் செருகி வைப்போம். ஒவ்வொரு மடிப்பும் ஒரு நெம்புகோல். பெரிசுல இருந்து நடுவுக்குப் போகும்போது சுமை பத்துல ஒரு பங்கு, நடுவுல இருந்து சிறிசுக்கு இன்னும் பத்துல ஒரு பங்கு, லூப்புல பாதி. ஆக 200-ல 1. ரைசர்ல 100 கிலோ தொங்கினா கேபிள் மேல அரை கிலோ. இது நல்ல வளையத்துக்குக் காகிதக் கணக்கு, சின்ன சைஸ் வளையத்துல ஆதாயம் குறையும். பில் பூத் 1970-கள் நடுவுல கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தோளுக்கும் தனித்தனி உலோகப் பூட்டு, மூடியைத் திறந்து, உள்ள இருக்கிற வளையத்துல கட்டைவிரலை மாட்டி இழுக்கணும். சுத்திக்கிட்டே இதைச் செய்யணும்னா யோசிச்சுப் பாரு. இப்ப ஒரே பிடி, ஒரே இழுவை, ரெண்டு தோளும் விடும். ஆர்எஸ்எல் மாட்டியிருக்கிற பக்கத்தை மட்டும் கேபிள் கொஞ்சம் நீளமா வெட்டி, அது பின்னால விடுற மாதிரி வெப்போம். இல்லன்னா ஒரு தோள் இன்னும் மாட்டியிருக்கும்போதே ரிசர்வ் கிளம்பி அந்தக் குழப்பத்துக்குள்ள போயிடும்.

தானா கழலணும்னா கேபிள் லூப்பை விட்டு முழுசா வெளிய வரணும். பிடி வெல்க்ரோவுல உக்காந்திருக்கும், அரை கிலோ பாரத்துல அது நகராது. நிஜமான ஆபத்து தலைகீழ். தளர்றது இல்ல, இறுகுறது. கேபிள் மேல பூச்சுல அழுக்கும் மண்ணும் ஒட்டி, குழாய்க்குள்ள சொரசொரன்னு ஆயிடும். முறுக்கின ரைசர் கேபிள் முனையைக் கிள்ளிப் பிடிக்கும். அதுக்குத்தான் ரைசருக்குள்ள முனைக்குன்னு கெட்டியான குழாய் வெச்சுத் தைக்கிறாங்க. கேபிளை அடிக்கடி உருவித் துடைச்சு, லேசா சிலிகான் தடவி, வளையங்களைப் பிரிச்சு ரைசர் பட்டையைக் கையால நாலு பக்கமும் வளைச்சுத் தளர்த்தி, திரும்பப் பூட்டணும். கால் மணி நேர வேலை. இதைச் செய்யச் சொன்னா புது ஹெல்மெட் வாங்கிட்டு வந்து காட்டுவானுங்க.

நம்ம பீச்சுல சட்டப்படி என்ன வேணுமோ அது தேசிய வான் விளையாட்டுக் கொள்கை 2022-ல தொடங்கும், அதைப் படி. நான் சாமானைப் பத்திச் சொல்றேன். எனக்கு இஷ்டமில்லாத இடம் இது. கச்சான், அதாவது மேற்குக் காத்து, அடிச்சா கேனபி கடல் பக்கம் தள்ளும். தண்ணியில இறங்க வேண்டியதாயிட்டா மிதவை இல்லாதவனுக்குக் கேனபியே எமன், மேல போர்த்திக்கும். மார்புப் பட்டையைத் தளர்த்தி, ஆர்எஸ்எல்லைக் கழட்டி வெச்சிட்டு, கால் நனைஞ்ச பிறகுதான் மெயினை விடணும். கடல் மேல உயரம் கண்ணுக்குத் தெரியாது, பத்தடின்னு நினைச்சு நூறடியில விட்டவங்க உண்டு. கரையேறினாலும் விடாது. உப்பு காய்ஞ்சு படிகமாகி நைலானை அறுக்கும், காட்மியம் பூசின வளையத்துல துரு ஏறும். நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயவெக்கணும், வெயில்ல போட்டா அதுவும் நைலானுக்கு ஆகாது. நம்ம ஊர்ல கட்டின கம்பியே என்ன ஆவுதுன்னு பாத்தவங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

பழைய பாரா, மஞ்சக்குப்பம்:

ஆக்ரா பாராட்ரூப்பர்ஸ் பயிற்சிப் பள்ளியில் விங்ஸ் பட்டயச் சின்னம் வாங்கியவன். எங்கள் காலத்தில் வட்டப் பாராசூட்தான். விமானத்துக்குள் கம்பியில் மாட்டிய ஸ்டாட்டிக் லைன் நம்மை அறியாமலே திறந்துவிடும், ரிசர்வ் மார்பில் தொங்கும். கழற்றிவிடுவது என்ற பேச்சே கிடையாது. குதிப்பதே ஆயிரத்துச் சொச்சம் அடியில், கழற்றிவிட்டு யோசிக்க உயரம் எங்கே? மெயின் சரியாக விரியாவிட்டால் அது மேலே இருக்கும்போதே ரிசர்வையும் எறிய வேண்டியதுதான். ஐந்தாவது ஜம்ப் முடிந்து விங்ஸ் குத்தும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என் கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

தம்பி பேக்கருக்கு ஒரு கேள்வி. ககன்யான் கலத்துக்கு 10 பாராசூட் வைத்திருக்கிறார்கள். 24 ஆகஸ்ட் 2025-ல் ஹெலிகாப்டரில் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டு சோதித்தார்கள். மெயின் மூன்றில் இரண்டு விரிந்தாலே போதுமாம். மனிதனுக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு ரிசர்வோடு நிறுத்தினார்கள்?

தேவனாம்பட்டினம் பேக்கர்:

ஐயா, கலத்துக்குள்ள இருக்கிறவங்களால கெட்ட பாராசூட்டை எட்டிப் பிடிச்சு விட முடியாது, அதனால எண்ணிக்கையில சமாளிக்கிறாங்க. ஜம்பருக்குக் கை இருக்கு. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணுக்குச் சுத்தமான வானம் குடுக்கறதுதான் எங்க ஆட்களோட வழி. ரெண்டு சதுரக் கேனபியும் ஒரே நேரத்துல விரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? பக்கத்துப் பக்கத்துல அமைதியா பறந்தாலும் பறக்கும், எதிரும் புதிருமா பிரிஞ்சு ரெண்டும் தரையைப் பாத்துப் பாஞ்சாலும் பாயும். மூணாவது ஒண்ணு சேர்த்தா சிக்கல்தான் கூடும், எடையும் கூடும்.

அதுக்குப் பதிலா அந்த ஒரே ரிசர்வை முரட்டுத்தனமா கவனிக்கிறோம். அமெரிக்காவுல மெயினுக்கு அரசாங்கச் சான்று கட்டாயமில்ல. ரிசர்வுக்கும் ஹார்னஸுக்கும் கட்டாயம். மெயினை ஜம்பரே மடிக்கலாம், ரிசர்வை ரிக்கர்தான் தொடணும். குதிச்சாலும் குதிக்கலன்னாலும் 180 நாளைக்கு ஒரு தடவை பிரிச்சுப் பாத்து மடிக்கணும். மடிச்சதும் சிவப்பு நூல் கோத்து ஈய முத்திரை, கார்டுல தேதி, கையெழுத்து. அதோட பைலட் சூட், அதாவது ரிசர்வை வெளிய இழுக்கிற குட்டிப் பாராசூட், ஸ்பிரிங் வெச்சது, கையால வீச வேண்டாம், பின் உருவினதும் துள்ளி வெளிய வரும். அது உங்க கால்லயோ கையிலயோ மாட்டிக்கிட்டாலும், அதையும் பையையும் சேர்க்கிற பட்டையான நாடா, பேரு பிரைடில், அதுவே காத்துல இழுபட்டுப் பையை உருவிடும். பை கேனபியோட கட்டியிருக்காது, உருவினதும் தனியா போயிடும். பேரே ஃப்ரீபேக்.

முத்தியால்பேட்டை டீச்சர்:

தம்பி, இரண்டு முறை படித்தேன். வளையம் மடியும் விதத்தை ஒரு பழைய பெல்ட், சாவி வளையங்கள் வைத்துச் செய்து பார்த்தேன், விளங்கியது.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. இடது பின்மூலை மட்டும் கீழே இழுபட்டு வளைந்திருக்கிறது. வலது மூலை நிமிர்ந்து, அதன் கயிறு தளர்ந்து ஆடுகிறது. சுற்றுவதும் இடது பக்கமாகத்தான்.

மகனைக் கேட்டேன். நான் "டாகிள்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எடை 78 கிலோ, சாமானோடு 89 இருக்கும் என்கிறான். முன்பு வாடகைக்கு எடுத்தது 190 சைஸ். இந்த நீலம் 150, நண்பனிடம் மலிவாக வாங்கியது. மடித்தது அவனேதான். துணி என்ன ரகம்? வீடியோவில் நீலம் பளபளக்கிறது, வெள்ளை மங்கலாக இருக்கிறதே, பழைய துணியா?

தேவனாம்பட்டினம் பேக்கர்:

டீச்சர், உங்களை எங்க பேக்கிங் ஹால்ல சேர்த்துக்கலாம்.

வெள்ளை பழசு இல்ல, வேற ரகம். ரெண்டுமே ரிப்ஸ்டாப் நைலான்தான், கையில வாங்கிப் பாத்தா கட்டம் கட்டமா தடிச்ச இழை ஓடறது தெரியும், கிழிசல் ஒரு கட்டத்துல நின்னுக்கும். நீலத்துக்கு மேல சிலிகான் பூச்சு, காத்து ஒரு சொட்டு புகாது, அதனாலதான் பளபளப்பு. மடிக்கும்போது மீன் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடும். ரிசர்வுக்குப் பெரும்பாலும் லேசா காத்து விடுற பூச்சில்லாத துணி. சொன்னபடி மடிஞ்சு கிடக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விரியும்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். மடிக்கும்போது பிரேக்கைப் பாதி இழுத்து, பிரேக் கயிறுல இருக்கிற சின்ன கண்ணுக்குள்ள டாகிள் மூக்கைச் செருகிப் பூட்டி வெப்போம். ரெண்டு பின்மூலையும் சமமா கீழ இறங்கியிருந்தாதான் விரியிறப்ப முன்னால பாயாது. வலது டாகிள் மூக்கு முழுசா உக்காரல. விரிஞ்ச அதிர்ச்சியிலயோ, உதைச்ச ஆட்டத்துலயோ கழண்டிருக்கு. வலது இறக்கை முழு வேகம், இடது இறக்கை பிரேக்குல. இடப்பக்கம் சுத்தாம என்ன செய்யும்? முறுக்கு இல்லன்னா இடது டாகிளையும் எடுத்துவிட்டு அரை நொடியில சரி பண்ணியிருப்பான். முறுக்குக்கு மேல பிரேக் கயிறும் சேர்ந்து நெரிஞ்சிருக்கு, இழுத்தாலும் வராது. ரெண்டு சின்னக் கோளாறு, தனித்தனியா வந்திருந்தா வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பான்.

ஆனா எனக்கு டாகிளை விட சைஸ்தான் கோவம். 89 கிலோன்னா 196 பவுண்டு. 190 சதுர அடிக்கு வகுத்தா 1.03. 150-க்கு வகுத்தா 1.3. தொடக்கக்காரங்க 1.0-ஐ ஒட்டி இருக்கணும்னுதான் எங்க தொழில்ல சொல்லுவாங்க. சின்னக் கேனபி எல்லாத்தையும் வேகமா செய்யும். நல்லா பறக்கிறதையும் வேகமா, கெட்டுப்போறதையும் வேகமா. அதே முறுக்கு, அதே டாகிள் 190-ல வந்திருந்தா இன்னும் மெதுவா சுத்தியிருக்கும், யோசிக்க நேரம் கிடைச்சிருக்கும்.

மழுப்பாதீங்கன்னு சொன்னதால இதையும் சொல்லிடறேன். 2023-ல அமெரிக்காவுல சுமார் 36.5 லட்சம் ஜம்ப், 10 பேர் இறந்தாங்க. எண்ணிக்கை ரொம்பக் குறைவுதான். ஆனா இந்தக் காலத்துல நடக்கிற சாவுல நிறைய, எந்தக் கோளாறும் இல்லாம முழுசா விரிஞ்ச கேனபிக்குக் கீழதான் நடக்குது. தரைக்குக் கிட்ட வந்து சின்னக் கேனபியில வேகமா திருப்புவான், உயரம் பத்தாது. உங்க பையன் விஷயத்துல நீங்க சண்டை போட வேண்டியது குதிக்காதேன்னு இல்ல. அதைக் கேக்க மாட்டான். 150-ஐ விற்கச் சொல்லுங்க.

நண்பன்கிட்ட வாங்கினதுன்னா லைன் எந்தக் காலத்துதுன்னும் கேளுங்க. மெல்லிசா வெள்ளையா இருந்தா ஸ்பெக்ட்ராங்கிற செயற்கை இழையா இருக்கும். கேனபி பட்டுன்னு விரியாம தடுக்கிற, நாலு கண் வெச்ச ஸ்லைடர் துணி ஒவ்வொரு தடவையும் லைன் மேல உரசிக்கிட்டு இறங்கும், அந்தச் சூட்டுல ஸ்பெக்ட்ரா சுருங்கும். நடு லைனை விட ஓரத்து லைனும் பிரேக் கயிறும் கூட சுருங்கும். பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், அளவுநாடா வெச்சாதான் தெரியும். இறக்கையோட வெட்டே மாறிப்போயிடும்.

செம்மண்டலம் செல்வா:

யோவ், மாசி மகத்துக்கு வந்தவன் இங்க உக்காந்து இத்தனை எழுதியிருக்க. சாமி தீர்த்தவாரி முடிஞ்சு போயாச்சு.

முத்தியால்பேட்டை டீச்சர்:

பேசிவிட்டேன். முதலில் குரலை உயர்த்தினான், 1.3 என்று சொன்னதும் அடங்கிவிட்டான். "யார்கிட்டம்மா கேட்டே?" என்றான், சொல்லவில்லை. 190-ஐயே மறுபடி வாடகைக்கு எடுப்பதாக ஒத்துக்கொண்டான். லைனை அங்குள்ள ரிக்கரிடம் அளக்கக் கொடுக்கிறானாம். ரிசர்வ் மறுபடி மடித்து முத்திரை வைத்த கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். தேதி இந்த வாரம்தான்.

நீலப் பாராசூட் ஒரு பாதாம் தோப்பில் கிடைத்ததாம். மரத்தில் மாட்டி இறக்கியிருக்கிறார்கள். ஃப்ரீபேக் கிடைக்கவில்லை, அதற்குத் தனியாகக் காசு கட்டியிருக்கிறான். மரத்தில் மாட்டிய துணியை அப்படியே விற்கலாமா? வாங்குகிறவனுக்கு ஆபத்தில்லையா?

தேவனாம்பட்டினம் பேக்கர்:

விற்கலாம், ஆனா ரிக்கர் பாத்த பிறகுதான், நடந்ததைச் சொல்லித்தான் விற்கணும். துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு அறை அறையா பாக்கச் சொல்லுங்க. ஊசிக்கண் ஓட்டையும் தெரியும். லைன் துணியோட சேர்ற இடத்துல நெருக்கமா குறுக்குத் தையல் போட்டிருப்பாங்க, அதைச் சுத்தி இழை நகர்ந்திருக்கான்னு பாக்கணும். அது உங்களுக்குத்தான் நல்லா தெரியும், நல்ல போட்டோ கேட்டு வாங்கி நீங்களே ஒரு பார்வை பாருங்க. மூணு வளையத்துக்கு நடுவுல மண் இருந்தா கழுவி, லூப் நைஞ்சிருந்தா மாத்தணும்.

ரைசரை மட்டும் அவனே வெச்சிக்கட்டும்னு நினைச்சான்னா, டாகிள் மூக்கு உக்கார்ற உறை தளர்ந்திருக்கான்னு பாக்காம அதை 190-ல மாட்ட வேண்டாம்னு சொல்லுங்க.